ஆபிரிக்காவின் பெயரைச் சொன்னதே குற்றம்

1984ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் ஓரிரவு. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் நான் பணியிலிருந்தேன். ரெலிபிரின்டரில் வாஷிங்டனிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. றண்டல் றொபின்சன், மேரி பிரான்சிஸ் பெர்ரி, வோல்டர் போன்ட்றோய் என்ற மூன்று கறுப்பினப் பிரமுகர்கள் தென்னாபிரிக்கத் தூதுவரைச் சந்திப்பதற்கென்று தூதரகத்துக்குள் சென்று, பின்னர் வெளியேற மறுத்து அமர்ந்துகொண்டனர் என்பதும், பொலிஸார் அவர்களைக் கைதுசெய்தனர் என்பதும் செய்தி. அதைத் தமிழாக்கிய நான், அடியில் ஒரு வாக்கியத்தை என் சொந்தப் பொறுப்பிலே சேர்த்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தென்னாபிரிக்க மக்களுக்காகப் போராட்டத்தில் இறங்கியிருப்பது இதுவே முதற் தடவை என்பது அந்த வாக்கியம்.

அது பிழை. சிறு பிழையுமன்று. அதற்குச் சரியாக முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1946ஆம் ஆண்டின் அதே நவம்பர் மாதத்தில், நியூயோர்க்கிலுள்ள தென்னாபிரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்னால் மறியல் நடந்திருக்கிறது. நடத்தியது ஆபிரிக்க விவகாரப் பேரவை என்ற அமைப்பு. அதன் தலைவர் உலகப் புகழ்பெற்ற பாடகரும் நடிகருமான போல் றோப்சன். மறுநாளோ மறுவாரமோ எந்த வாசகரும் எனக்குத் திருத்தம் எழுதவில்லை. செய்தி ஆசிரியரும் கேட்கவில்லை. ஏனெனில் எவருக்கும் தெரியாது. எனக்கே பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தது.

ஒரு வரலாறு மறக்கப்படுவது வேறு, அழிக்கப்படுவது வேறு. ஆபிரிக்க விவகாரப் பேரவை அழிக்கப்பட்டது என்பதே என் வாதம். அது கம்யூனிஸ்டுகளின் அமைப்பாக இருந்தபடியால் தானே அழிந்து போயிற்று என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களுடன் எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

கதை இலண்டனில் தொடங்குகிறது. 1930களில் அங்கே தங்கி மேடையிலும் திரையிலும் நடித்துக்கொண்டிருந்த றோப்சன், அங்கு படிக்க வந்திருந்த ஆபிரிக்க மாணவர்களுடன் பழகினார். ஆபிரிக்காவைத் தாம் கண்டுகொண்டது இலண்டனிலேதான் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் மக்ஸ் யேர்கன் என்பவர் தென்னாபிரிக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். வட கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவரான யேர்கன், வை.எம்.சி.ஏ.யின் ஊழியராக 1922 முதல் 1936 வரை தென்னாபிரிக்காவிலே பணிபுரிந்தவர். கறுப்பின மாணவர்களின் உயர்கல்விக் கூடமான போர்ட் ஹெயார் கல்லூரியை அண்டி வாழ்ந்தவர். அங்கு மாணவராயிருந்த கோவன் எம்பெக்கிக்கு மார்க்சிய நூல்களை அறிமுகப்படுத்தியவர் இவரே. பின்னாளில் றொபின் தீவில் மண்டேலாவுடன் சிறையிருந்த அதே எம்பெக்கிதான். யேர்கனின் இந்த முற்பகுதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பகுதிக்கு நான் வருவேன்.

1937இல் இருவரும் சேர்ந்து ஆபிரிக்க விவகாரங்களுக்கான சர்வதேசக் குழுவை அமைத்தார்கள். பிற்காலத்தில் ஐ.நா.வில் பெரும் பதவி வகித்து நோபல் பரிசு பெற்ற றல்ப் பன்ச் கூட ஆரம்பத்தில் அதன் உறுப்பினராக இருந்தார். 1942இல் அது ஆபிரிக்க விவகாரப் பேரவையாகத் திருத்தியமைக்கப்பட்டது. றோப்சன் தலைவர், யேர்கன் நிர்வாகப் பணிப்பாளர்.

ஆபிரிக்க வம்சாவளியினரின் ஒருமைப்பாடு என்ற எண்ணம் இவர்களுடன் பிறந்ததல்ல. 1900இலேயே ட்ரினிடாட்டைச் சேர்ந்த சட்டத்தரணி ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் இலண்டனில் முதலாவது அனைத்து ஆபிரிக்க மாநாட்டைக் கூட்டினார். மார்க்கஸ் கார்வே முதலாம் உலகப் போருக்குப் பின் ஹார்லெமிலிருந்து இலட்சக்கணக்கான சாதாரண மக்களைத் திரட்டினார், கப்பல் கம்பனியும் தொடங்கினார், 1927இல் நாடுகடத்தவும் பட்டார். கார்வேயின் ஊர்வலங்களோடும் சீருடைகளோடும் ஒப்பிட்டால் பேரவை ஒரு சிறிய காரியாலயம். பெருந்தொகையான உறுப்பினர்களைச் சேர்க்க அது முயன்றதுமில்லை. ஆனால் கார்வே ஆபிரிக்காவில் ஒருநாளும் கால் வைக்காமலே தம்மை அக்கண்டத்தின் தற்காலிக ஜனாதிபதி என்று அழைத்துக்கொண்டார். பேரவையோ ஆபிரிக்க மக்களின் பெயரால் பேசும் உரிமை தனக்கு உண்டென்று கருதவில்லை. அங்கே உள்ள தொழிற்சங்கங்களும் அரசியல் அமைப்புகளும் என்ன கேட்கின்றன என்பதை அறிந்து, அதை அமெரிக்காவிலே சொல்வதே தன் வேலை என்று வைத்துக்கொண்டது. தூரத்திலிருந்து இன்னொரு மண்ணின் மக்களுக்காக உழைக்கப் புறப்படும் எந்த அமைப்புக்கும் இந்த வேறுபாடு முக்கியமானது.

இந்த வேலையை நாளாந்தம் செய்தவர் றோப்சன் அல்லர். அவர் மேடைகளில் இருந்தார். செய்தவர் அல்பியஸ் ஹண்டன். அவருடைய பாட்டனார் அடிமையாகப் பிறந்து, தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கியவர். தந்தையார் வை.எம்.சி.ஏ.யின் முதலாவது கறுப்பினச் செயலாளர். ஹண்டன் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு 1943இல் பேரவையின் கல்விப் பணிப்பாளராக வந்து சேர்ந்தார். நியூயோர்க்கின் மேற்கு 26ஆம் வீதியிலிருந்த காரியாலயத்தில் ஒரு நூலகத்தைக் கட்டியெழுப்பினார். தென்னாபிரிக்க, நைஜீரியப் பத்திரிகைகள் அங்கே வந்தன. அவற்றைப் படித்துப் 'புதிய ஆபிரிக்கா' என்ற மாதாந்த மடலைத் தயாரித்தார். அமெரிக்கப் பெரும் பத்திரிகைகளுக்கு ஆபிரிக்கா என்றால் வேட்டையும் விலங்குகளுமாக இருந்த காலத்தில், அங்குள்ள சுரங்கக் கூலி எவ்வளவு, நிலம் யார் கையில், எந்த அமெரிக்கக் கம்பனி எங்கே முதலிட்டிருக்கிறது என்பவற்றை எழுதிய மடல் அது. பத்திரிகைத் தொழிலில் என் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டத்தில் முழங்குவது எளிது. மாதம் தவறாமல் பிழையில்லாத தகவலைத் தருவது கடினம்.

1945ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் கடும் வரட்சியும் பஞ்சமும். பேரவைக்கு வேண்டுகோள் வந்தது. 1946 ஜனவரியில் ஹார்லெமின் அபிசீனியன் தேவாலயத்தில் கூட்டம் நடந்தது. நாலாயிரத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். ரின்களில் அடைத்த உணவும் காசும் சேர்ந்தன. ஹார்லெம் அக்காலத்தில் செல்வந்தர் வாழ்ந்த இடமன்று. வீட்டு வேலைக்காரிகளும் ரயில் நிலையச் சுமைதூக்கிகளும் கொண்டுவந்து கொடுத்த ரின்கள் அவை. அதே வருடம் ஜூன் மாதத்தில் மடிசன் சதுக்க அரங்கில் ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் கூடினார்கள். ஆகஸ்டில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆபிரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, பொலிஸாரால் சுடப்பட்டுச் சுரங்கங்களுக்குள் திருப்பித் துரத்தப்பட்டபோது, அச்செய்தியை அமெரிக்காவில் எடுத்துச் சொன்னதும் பேரவையே.

1946இன் முக்கியமான அத்தியாயம் ஐக்கிய நாடுகள் சபையில் நடந்தது. தமிழர்கள் இதை அறியாமலிருப்பது எனக்கு வியப்பைத் தருகிறது. தென்னாபிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் நியூயோர்க்குக்கு வந்திருந்தார். ஐ.நா. சாசனத்தின் முகவுரையை வரைவதில் பங்குகொண்ட பெருமகன். மனித உரிமை பற்றிய வாசகங்களுக்குக் கைகொடுத்த அதே மனிதர் தம் நாட்டில் அவ்வருடம் இந்திய வம்சாவளியினர் எங்கே காணி வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று எல்லைபோடும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தார். மேலும் தென்மேற்கு ஆபிரிக்காவை, அதாவது இன்றைய நமீபியாவை, தம் நாட்டோடு இணைத்துக்கொள்ள அனுமதி கேட்டும் வந்திருந்தார். காணிச் சட்டத்தை எதிர்த்து டர்பனில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் சிறைசென்றார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கூலிகளின் வழிவந்தவர்கள் அந்த மக்களிடையே ஏராளம். அவர்களில் தமிழ் பேசியவர்களும் தெலுங்கு பேசியவர்களும் பெருந்தொகை.

விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் இந்தியத் தூதுக்குழு இப்பிரச்சினையைப் பொதுச்சபையில் எழுப்பியது. ஆனால் தென்னாபிரிக்காவின் கறுப்பின மக்களுக்காகப் பேச அங்கே எவருக்கும் ஆசனமில்லை. ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் டாக்டர் சூமாவும், இந்திய வம்சாவளியினர் சார்பில் டர்பன் தொழிற்சங்கவாதி எச். ஏ. நாயுடுவும் சோராப்ஜி ருஸ்தம்ஜியும் தாமாகவே நியூயோர்க்குக்கு வந்து சேர்ந்தார்கள். உத்தியோகபூர்வ அந்தஸ்து எதுவும் இல்லாத இவர்களை வரவேற்று, கூட்டங்கள் ஒழுங்குசெய்து, தூதுக்குழுக்களுக்கு அறிமுகப்படுத்தியது ஆபிரிக்க விவகாரப் பேரவை. டிசம்பர் 8ஆம் திகதி இந்தியாவின் தீர்மானம் 32க்கு 15 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அதே மாதம் தென்மேற்கு ஆபிரிக்காவை இணைக்கும் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. ஸ்மட்ஸ் வெறுங்கையோடு திரும்பினார். மறு வருடம் மார்ச்சில் டாக்டர் சூமாவும், டாக்டர் நாயக்கரும், டாக்டர் தாதுவும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, ஆபிரிக்கரும் இந்தியரும் ஒரே போராட்டத்தில் இணைவதற்கு வித்திட்டது.

நான் முதலில் குறிப்பிட்ட மறியல் இந்த நாட்களில்தான் நடந்தது. அதிலே சில இந்திய மாணவர்களும் நின்றார்கள். அவர்களை அழைத்து வந்தவர் ஈ. எஸ். ரெட்டி. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பிறந்து, சென்னையில் கற்று, அவ்வருடம்தான் மேற்படிப்புக்காக நியூயோர்க் வந்திருந்த இளைஞர். தென்னாபிரிக்கச் செய்திகளைப் படிப்பதற்காகப் பேரவையின் நூலகத்துக்குப் போய்வந்தவர். பின்னர் ஐ.நா.வில் சேர்ந்து, 1963இல் இன ஒதுக்கலுக்கு எதிரான விசேட குழுவின் முதன்மைச் செயலாளராகி, இருபது ஆண்டுகள் அந்தப் போராட்டத்துக்கு உலக அரங்கில் முதுகெலும்பாக இருந்தார். 2020 நவம்பரில் அவர் காலமானபோது வந்த குறிப்புகளைப் படித்துக்கொண்டு போகையிலேதான் பேரவையின் கதையை முழுவதுமாகத் தேடிப்படிக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது.

இத்தனை பணியையும் செய்த அமைப்புக்கு என்ன நேர்ந்தது?

1947 டிசம்பரில் அமெரிக்கச் சட்டமா அதிபர் ஒரு பட்டியலை வெளியிட்டார். நாட்டுக்கு விசுவாசமற்றவை என்று கருதப்பட்ட அமைப்புகளின் பட்டியல். விசாரணையில்லை, முன்னறிவித்தலில்லை, மறுத்துரைக்க வாய்ப்புமில்லை. ஆபிரிக்க விவகாரப் பேரவையின் பெயர் அதிலிருந்தது. பட்டியல் என்ற சொல்லின் கனத்தை நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சில வாரங்களுள் யேர்கன் மாறிவிட்டார். பேரவை எந்த அரசியல் சித்தாந்தத்துடனும் தொடர்பற்றது என்று பகிரங்கப் பிரகடனம் செய்யவேண்டும் என்றார். றோப்சன் மறுத்தார். அரசாங்கம் விசுவாசச் சான்றிதழ் கேட்கும்போது அதைக் கொடுப்பது, அவ்வாறு கேட்பதற்கு அரசாங்கத்துக்கு உரிமையுண்டு என்று ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர் நிலைப்பாடு. 1948 முழுவதும் சண்டை. சொத்து யாருடையது, கோவைகள் யாருடையவை என்ற அளவுக்கு அது இறங்கியது. முடிவில் யேர்கன் வெளியேற்றப்பட்டார். மதிப்புமிக்க உறுப்பினர்கள் பலர் இரு தரப்பையும் விட்டுச் சத்தமின்றி விலகிக்கொண்டார்கள். பேரவையின் முதுகு அன்றே முறிந்தது.

யேர்கனின் வாதத்தை நான் எள்ளிநகையாட விரும்பவில்லை. முதலில் நம்மைப் பற்றிய சந்தேகத்தை நீக்குவோம், பிறகு ஆபிரிக்காவுக்காக உழைப்போம் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமானது. இன்றும் புலம்பெயர் அமைப்புகள் ஒவ்வொன்றிலும் இப்படிச் சொல்பவர் ஒருவர் இருப்பார். அவர் கோழையாகவோ கைக்கூலியாகவோ இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறு நமக்கு ஒரு வசதியைத் தந்திருக்கிறது. யேர்கன் சந்தேகத்தை நீக்கிக்கொண்டார். பிறகு ஆபிரிக்காவுக்காக என்ன செய்தார்?

அவர் சமஷ்டிப் புலனாய்வுப் பிரிவினருக்குத் தகவல் கொடுத்தார். காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் சாட்சியமளித்தார். 1953இல் ஓர் அமெரிக்க வார இதழுக்கு அளித்த பேட்டியில், கம்யூனிசத்தின் அடுத்த இலக்கு ஆபிரிக்கா என்று எச்சரித்து, தென்னாபிரிக்க வெள்ளையரின் நிலையையும் அனுதாபத்துடன் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். 1960களில் கொங்கோவைப் பிளந்த கட்டங்காவின் ஷோம்பேக்கு ஆதரவு திரட்டும் அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். றொடீசியாவின் வெள்ளையர் ஆட்சிக்கு வக்காலத்து வாங்கிய அமைப்பிலும் இணைத்தலைவராயிருந்தார். எம்பெக்கிக்கு மார்க்சிய நூல் கொடுத்த கை அது. அந்த எம்பெக்கி றொபின் தீவில் ஆயுட்கைதியாக இருந்த காலத்தில்தான் இவற்றில் கடைசியானது நடந்தது. முதலில் விசுவாசம், பிறகு சேவை என்று புறப்பட்டவருக்கு அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

யேர்கன் தனிமனிதர். அவரைவிடப் பெரிய பொறுப்பு நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்துக்கு உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் மிகப் பெரிய அமைப்பு அது. போர்க்காலத்தில் குடியேற்ற ஆட்சிக்கு எதிராக அதுவும் குரலெழுப்பியது. ட்ரூமன் ஆட்சி உள்நாட்டில் சிவில் உரிமைகளுக்குச் சில வாக்குறுதிகள் கொடுத்து, படைகளில் இனப்பிரிப்பை நீக்கவும் உத்தரவிட்டபோது, சங்கத்தின் தலைமை வெளிநாட்டுக் கொள்கையில் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. 1948 செப்டெம்பரில் அச்சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸையே உத்தியோகத்திலிருந்து நீக்கியது. எண்பது வயது முதியவர். அவர் நேரே ஆபிரிக்க விவகாரப் பேரவைக்கு வந்து சம்பளமில்லாத உபதலைவரானார். உள்நாட்டில் பெற்ற சலுகைகள் உண்மையானவை, அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றின் விலையின் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் ஜொஹன்னஸ்பேர்க்கிலும் நைரோபியிலும் இருந்தார்கள். அவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை.

கம்யூனிசம் காரணமாகவே பேரவை ஒடுக்கப்பட்டது என்ற வாதத்துக்கு இப்போது வருகிறேன். ஹண்டன் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், அதில் ஒளிவுமறைவு வேண்டியதில்லை. பேரவைக்குப் பணம் கொடுத்தவர்களில் இடதுசாரிச் செல்வந்தர் ஒருவரும் இருந்தார். ஆனால் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் 1950இல் றோப்சனின் கடவுச்சீட்டைப் பறித்துவிட்டு, அது தொடர்பான வழக்கில் 1952இல் நீதிமன்றத்துக்குச் சமர்ப்பித்த வாதத்தைப் படித்துப் பாருங்கள். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளின் சுதந்திரத்துக்காக இவர் பல ஆண்டுகளாகத் தீவிர அரசியலில் ஈடுபட்டுவருவதைத் தாமே ஒப்புக்கொள்கிறார், ஆகையால் கடவுச்சீட்டை மறுத்தது அதிகார துஷ்பிரயோகம் ஆகாது என்ற கருத்து அதிலே உள்ளது. சோவியத் ஒன்றியத்தைப் பற்றியதல்ல, ஆபிரிக்க சுதந்திரத்தைப் பற்றியது. அரசாங்கத்தின் சட்டத்தரணிகள் தாமாகவே எழுதிக் கையளித்த வாக்குமூலம் இது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

காரணமும் மர்மமானதல்ல. அமெரிக்காவின் அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியம் பெல்ஜியன் கொங்கோவிலிருந்து வந்தது. 1950இல் தென்னாபிரிக்காவுடனும் யுரேனிய ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. அங்குள்ள சுரங்கக் கூலியைப் பற்றி மாதந்தோறும் நியூயோர்க்கிலிருந்து ஒருவர் எழுதிக்கொண்டிருப்பது இந்த நிலையில் விரும்பத்தக்கதா?

பத்திரிகையாளர்களின் பங்கையும் சொல்லாமல் விடமுடியாது. 1949 ஏப்ரலில் பாரிஸ் சமாதான மாநாட்டில் றோப்சன் பேசியதாக ஒரு செய்தி நிறுவனம் அனுப்பிய மேற்கோள் அமெரிக்கா முழுவதும் அச்சாகியது. அவர் அவ்வாறு பேசவில்லை என்பதை ஆய்வாளர்கள் பின்னர் நிறுவியிருக்கிறார்கள். நான்கு மாதங்களின் பின் பீக்ஸ்கில் நகரில் அவருடைய இசைநிகழ்ச்சிக்கு வந்தவர்களைக் காடையர் கூட்டம் அடித்து நொறுக்கியது.

பேரவையினரையும் நான் முழுமையாக விடுவிக்கப் போவதில்லை. ஸ்டாலினின் கொடுமைகள் குறித்து றோப்சன் பகிரங்கமாக வாய்திறக்கவில்லை. மொஸ்கோவில் தம் யூத நண்பர் ஒருவரின் அவலநிலையை 1949இல் நேரிலேயே அறிந்துகொண்டு திரும்பியும், அமெரிக்காவில் அதுபற்றி அவர் மௌனம் சாதித்தார். எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாகாது என்று நினைத்திருக்கலாம். அந்த மௌனமே எதிரிக்கு ஆயுதமாயிற்று. ஒரு மக்களின் துயரத்துக்காகப் பேசுபவர் இன்னொரு மக்களின் துயரத்துக்குக் காதை மூடிக்கொண்டால், அவர் பேசுவதன் பெறுமதி குறைந்துவிடுகிறது. அது அவருடைய தவறு. ஹார்லெம் மக்கள் கொடுத்த உணவு ரின்களில் அந்தத் தவறு இருக்கவில்லை.

பட்டியலுக்குப் பிந்திய ஏழரை ஆண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அது நெரிக்கப்பட்ட கதை. 1951இல் ஹண்டன் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அரசியல் கைதிகளுக்கான பிணை நிதியத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரான அவர், அந்நிதிக்குப் பணம் தந்தவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தமையே குற்றம். வேர்ஜினியாவில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்துவைத்த சமஷ்டிச் சிறையொன்றில் இருந்தார். அதே வருடம் டு போய்ஸ் வெளிநாட்டு முகவராகச் செயற்பட்டார் என்று கைவிலங்கிடப்பட்டு, நவம்பரில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். 1952இல் தென்னாபிரிக்காவில் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியபோது பேரவை நிதி சேர்த்தது, கையெழுத்துத் திரட்டியது. கென்யாவில் அவசரகாலச் சட்டம் வந்தபோது நிவாரணக் குழு அமைத்தது. காரியாலயத்தில் ஹண்டனும் இரண்டொருவரும்தான் மிஞ்சியிருந்தார்கள். 1954இல் ஆபிரிக்க தேசிய காங்கிரஸுடனும் தென்னாபிரிக்க இந்திய காங்கிரஸுடனும் நடத்திய கடிதத் தொடர்புகளையெல்லாம் ஒப்படைக்கும்படி அரசாங்கம் கட்டளையிட்டது. பிரிட்டோரியாவிலுள்ள ஆட்சியாளருக்கு அக்கடிதங்கள் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1955 ஜூன் மாதத்தில் பேரவை தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர் ஆசிய ஆபிரிக்க நாடுகள் பாண்டுங்கில் கூடியிருந்தன. கடவுச்சீட்டில்லாத றோப்சனால் வாழ்த்துச் செய்தி மட்டுமே அனுப்ப முடிந்தது.

ஒரு பேரவை போனால் என்ன, வேறு அமைப்புகள் வந்தனவே என்று கேட்பவர்கள் உண்டு. வந்தன. 1953இல் அமைந்த ஆபிரிக்காவுக்கான அமெரிக்கக் குழு பல பத்தாண்டுகள் நேர்மையாக உழைத்தது, நான் அதை மதிக்கிறேன். ஆனால் அதை உருவாக்கியவர்கள் றோப்சனின் பேரவையுடன் சேர்ந்து இயங்க முதலிலிருந்தே மறுத்துவிட்டார்கள். அப்போது பேரவை இன்னும் உயிரோடிருந்தது. மேலும், புதிய குழு பெரும்பாலும் வெள்ளையரான தாராளவாதிகளால் வழிநடத்தப்பட்டது. ஹார்லெமின் தேவாலயத்துக்கும் தென்னாபிரிக்கக் கிராமத்துக்குமிடையே நேரே ஓடிய அந்தக் கம்பி அறுந்தது அறுந்ததுதான். ஷார்ப்வில்லில் 1960இல் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அமெரிக்கக் கறுப்பின மக்களைத் திரட்டக்கூடிய தென்னாபிரிக்க ஆதரவு அமைப்பு அவர்களிடையே இருக்கவில்லை. றொபின்சன் தலைமைதாங்கிய 'ட்ரான்ஸ்ஆபிரிக்கா' 1977இலேதான் உருவாயிற்று. அவர்கள் 1984இல் தூதரகத்தில் அமர்ந்து, 1986இல் றீகனின் வீட்டோவையும் மீறிப் பொருளாதாரத் தடைச்சட்டத்தை வென்றெடுத்தார்கள். மகத்தான சாதனை. இடைப்பட்ட காலத்தில் மண்டேலா சிறையில் இருபத்துநான்கு ஆண்டுகளைக் கழித்திருந்தார்.

1990 ஜூனில் மண்டேலா நியூயோர்க்குக்கு வந்தபோது காகிதத் துணுக்குகள் மழையாய்ப் பொழிந்தன. ஹார்லெமில் மக்கள் வெள்ளம். அதே மண்டேலாவின் பெயர் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீங்க 2008ஆம் ஆண்டு ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டியல் எழுதுகிறவர்களுக்கு வெட்கம் மெதுவாகத்தான் வருகிறது.

றோப்சனின் கடவுச்சீட்டு 1958இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்றின் பயனாகத் திரும்பக் கிடைத்தது. 1976இல் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளின் பின் ஐ.நா. விசேட குழு அவரது எண்பதாவது பிறந்த தினத்தைச் சிறப்புக் கூட்டம் நடத்திக் கொண்டாடியது. ஏற்பாடுகளின் பின்னால் இருந்தவர் அன்று மறியலில் நின்ற மாணவர் ரெட்டி. டு போய்ஸ் 1963 ஆகஸ்ட் 27ஆம் திகதி கானாவின் அக்ராவில் இறந்தார். மறுநாள்தான் வாஷிங்டனில் மாட்டின் லூதர் கிங் தம் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார்.

ஹண்டன்? பேரவை கலைந்தபின் அமெரிக்காவில் அவருக்கு மீண்டும் பல்கலைக்கழக ஆசிரியப்பணி வாய்க்கவில்லை. 1957இல் ஆபிரிக்காவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1960இல் கினியாவுக்குப் போய்ப் பாடசாலையில் கற்பித்தார். டு போய்ஸ் அழைத்ததன் பேரில் அக்ரா சென்று ஆபிரிக்கக் கலைக்களஞ்சியப் பணியில் ஈடுபட்டார். 1966இல் என்குருமாவை இராணுவம் கவிழ்த்தபின் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். சாம்பியாவில் தஞ்சம் கிடைத்தது. 1970 ஜனவரியில் லுசாக்காவில் இறந்தார். அதே நகரில்தான் ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் நாடுகடந்த தலைமையகமும் பின்னாளில் இயங்கியது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை அவர் மனைவியே 1986இல் எழுதி வெளியிட நேர்ந்தது.

நான் 1984இல் பணிபுரிந்த நாளிதழ் இன்று இல்லை. திருத்தம் பிரசுரிக்கும்படி கேட்க அங்கே ஆசிரியர் எவருமில்லை. ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன்: அது முதற் தடவையன்று. முதற் தடவை 1946இல் நியூயோர்க்கில் நடந்தது. செய்தவர்கள் ஆபிரிக்க விவகாரப் பேரவையினர்.